சிற்றில் சிதைத்தவள்

பழைய இரும்புக்காரர் நிறுத்துச் சொன்ன எடை 31 கிலோ. கிலோ 26 ரூபாய் வீதம் 806 ரூபாய். சில்லறை இல்லை என்று 800 ஆகக் கொடுத்தார். தம்பி அதை அப்படியே அம்மாவின் கையில் வைத்தான். அம்மா எண்ணிப் பார்க்காமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் அம்மா மூன்று வருடமாகச் செய்து நிறுத்தியிருந்த மயில், எருமை, காக்கைகள், காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, தகர டின்களாலான ரயில் வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த தொகை அது. இரும்பாக இல்லாதவற்றைக் குவித்துத் தீ வைத்தார்கள். கண்ணாடித் துண்டுகள் மட்டும் மண்ணில் கிடந்தன.

அன்று நானும் அங்கே இருந்தேன். இருந்தேன் என்று மட்டும் சொன்னால் பாதி பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். மாடுகளை அப்பா இருக்கும்போதே விற்றாயிற்று, தொழு காலியாகக் கிடந்தது. தொழுவுக்குப் பின்னால் ஓடை வரைக்கும் ஏழெட்டு சென்ட் வெறும் மனை. சீமைக்கருவேல் முளைத்து, தெருக்காரர்கள் குப்பை கொட்டும் இடமாகியிருந்தது. ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அந்த மனையின் நடுவில் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் சைக்கிளில் கழற்றிய பின்சக்கரத்து ரிம்தான் தோகை. கம்பிகளுக்கு நடுவே தென்னை ஈர்க்கைப் பின்னி, நுனிகளில் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடித் துண்டுகளைக் கட்டியிருந்தாள். உடம்புக்கு முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கை. கழுத்துக்கு வளைந்த கருவேலங்கொம்பு. காற்று அடித்ததும் மயில் அசையாமல் நிற்க, தோகை மட்டும் மெல்லச் சுற்றியது. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள்.

"ஆட வைக்கணும்னுதான்ட்டி பாத்தேன். அது ராட்டினமாப் போச்சு."

அதன் பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்று கூடியிருக்கும். விழுந்த பனையின் அடித்தூரைப் புரட்டிப் போட்டு, அதன் வேர்க்கொத்தையே முகமாக்கி, இரண்டு தென்னம்பாளைகளைக் கொம்பாகச் செருகினால் எருமை. கிழிந்த டயர்த் துண்டுகளை மடக்கிக் கட்டினால் காக்கைகள். ஓட்டை விழுந்த எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக்கினால் ரயில். சப்பிப் போட்ட பனங்கொட்டையைக் காயவைத்து, அதன் நாரைச் சீப்பால் வாரிவிட்டால் தாடிக்காரத் தாத்தா. இது நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எல்லாரும் செய்ததுதான். அம்மா அப்படி ஒரு ரயில் நிறையத் தாத்தாக்களை ஏற்றி வைத்திருந்தாள். "எல்லாம் திருச்செந்தூருக்குப் போகுது" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிழவி. உடைந்த மண்பானை தலை. பனையிலிருந்து உரித்த பன்னாடையைச் சேலையாகச் சுற்றியிருந்தாள். மடியில் ஒரு பொத்தல் சுளகு. பன்னாடை என்று நாம் ஒருவரைத் திட்டுவது, நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புத்திக்காக. பதநீர் வடிகட்டும் அந்த நார்வலையை அம்மா கையில் வைத்து விரித்துக் காட்டினாள். நெய்த துணியைப் போலவே பாவும் ஊடையுமாக இருந்தது. "தறியே இல்லாம மரம் நெஞ்சிருக்கு பாரு" என்றாள். சங்கரன்கோவிலில் பிறந்த வீட்டில் எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை தறிக்குத் தார் சுற்றிய கை அம்மாவுடையது. அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிடுவாள். கட்டுக்கம்பி கையைக் கிழிக்கும் என்று பனைநாரைத்தான் விரும்பினாள். நாரை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் காயக் காயத் தானே சுருங்கிப் பிடிக்கும். காய்ந்த நாரால் கட்டுகிறவளுக்கு அவசரம் அதிகம் என்பாள்.

அம்மா சாயங்காலங்களில் மட்டும்தான் செய்தாள். வேலை முடிந்து, வெயில் தாழ்ந்து, விளக்கு வைப்பதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் தெருப் பிள்ளைகள் ஓடை வழியாக வந்துவிடுவார்கள். வரும்போது எதையாவது கொண்டுவருவார்கள்: கழன்ற செருப்பு, ஓட்டை பக்கெட், பாம்புச் சட்டை. தெருக்காரர்கள் அங்கே குப்பை கொட்டுவது தானாக நின்றது.

ஊர் சும்மா இருக்கவில்லை. விடோ ஒருத்தி பொம்மை செய்து நிறுத்துகிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். புருஷன் போன ஏக்கம் என்றார்கள். கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ஞாபகமறதி நோயின் தொடக்கம் என்றார்கள். ஒருவர் தம்பியிடம், பெண்ணாகப்பட்டவள் உருவம் செய்து வைத்தால் அதில் ஏதாவது வந்து தங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இது நன்றாக இருக்கிறது, அதனால் செய்கிறாள் என்ற காரணம் யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது போதுமானதாக இல்லை. அப்பாவை இழந்த துக்கத்தின் வெளிப்பாடு என்று என் தோழி ஒருத்தியிடம் விளக்கியிருக்கிறேன். ஒரு பெண் விளையாடுகிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் துக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

*

தம்பி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். ஆவணி மாதம். தம்பி போன் செய்தான்.

"எக்கா, பின்னால அந்தக் குப்பையைக் கொஞ்சம் ஒதுக்கணும். சமையல் பந்தல் அங்கதான் போடணும். நீ சொன்னா அம்மா கேப்பா."

சடங்கு வேண்டாம் என்று அவனிடம் வாதாடியிருந்தேன். பெண்ணின் உடம்பை ஊருக்கு அறிவிக்கும் அந்த வழக்கத்தை எதிர்த்துக் கவிதை எழுதியிருக்கிறேன், வகுப்பில் பேசியிருக்கிறேன். அந்த வாதத்தில் தோற்ற அலுப்பில் இதற்குச் "சரி, பாத்துச் செய்" என்றேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றும் இருந்தது. கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் விசேஷத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொல்லைப்பக்கம் கை கழுவப் போகும்போது அவர்கள் கண்ணில் அந்தக் கிழவியும் காக்கைகளும் படுவதை நான் நினைத்துப் பார்த்தேன். அம்மாவைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா பத்திரிகையை வைத்துக் கும்பிடப் பால்வண்ணநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள். அங்கே அம்மன் பெயர் ஒப்பனையம்மாள். அம்மா திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று தம்பி ஆட்களைக் கூப்பிட்டிருந்தான். மயிலின் ரிம் கழுத்துக்கொம்போடு சேர்த்து இறுக்கமாகக் கட்டியிருந்தது, வரவில்லை. அவன் வெட்டுவதற்கு வசதியாக நான் ரிம்மைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் கட்டிக் காயவிட்ட பனைநார். மூன்று வருட மழை வெயிலுக்கும் தளரவில்லை. அரிவாளால் மூன்று முறை அறுக்க வேண்டியிருந்தது.

அம்மா குங்குமப் பொட்டலத்தோடு வந்தாள். பின்வாசலில் நின்று பார்த்தாள். "ரிம்மையும் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு பாத்திரக்காரர் வந்துவிட்டார், அண்டாக்களை எண்ணி வாங்கப் போய்விட்டாள்.

குப்பை என்று சொல்லி எரிப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஏடு தேடி இங்கே வந்த உ.வே.சாமிநாதையருக்கு நேர்ந்ததைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கோயிலில் குவிந்து கிடந்த பழைய சுவடிகள் சிதைந்து போனதால், ஆகம முறைப்படி குழி வெட்டித் தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டோம் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் பட்ட வேதனையை எழுதி வைத்திருக்கிறார். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், என் ஊர் என்பதற்காக அதைப் படித்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையோடுதான் எரித்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆவணியில் நாங்கள் நெய்கூட ஊற்றவில்லை.

*

சடங்கு முடிந்து அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் கலித்தொகை. குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய, எல்லாப் பாடத்திட்டத்திலும் இடம்பெறும் அந்தப் பாட்டு. தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பிடித்ததையும், அவள் கூவியதையும், தாய் ஓடி வந்ததும் விக்கினான் என்று அவள் சொல்லித் தப்பவிட்டதையும் தலைவி தோழிக்குச் சொல்கிறாள். அவனை அடையாளம் சொல்லும்போது பழைய கதையை நினைவூட்டுகிறாள். தெருவில் நாம் மணல் வீடு கட்டி விளையாடியபோது அதைக் காலால் சிதைத்தவன், நம் பூமாலையைப் பறித்தவன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான் என்கிறாள். பதினெட்டு வருடமாக நான் இதை நாடகச் சுவைக்கும் நகைச்சுவைக்கும் எடுத்துக்காட்டாக நடத்தி வருகிறேன். அன்றும் மாணவிகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், அவன் எதுக்கு மிதிக்கணும்? கேட்டிருந்தா அவளே விளையாடச் சேத்துருப்பாள்லா?"

நல்ல கேள்வி என்று சொல்லி உட்கார வைத்தேன். கை நடுங்கியது.

அன்று இரவு சிற்றில் வரும் இடங்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். சிற்றில் என்றால் சிறிய இல், பெண்பிள்ளைகள் மணலில் கட்டும் வீடு. மணலால் பாவை செய்து விளையாடுவதைச் சங்கப் பாட்டுகள் வண்டல் என்கின்றன. கிடைத்த மண், கிடைத்த பூ, கிடைத்த சிப்பி, திறந்த வெளி, யாருக்கும் பயன்படாத ஒரு பொருள். அம்மா செய்ததும் இதுதானே. இந்த மொழியில் பெண்களின் சிற்பக்கலைக்கு இரண்டாயிரம் வருடத்துச் சாட்சி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் உடைபடும் நேரத்தில்தான் பாட்டுக்குள் வருகிறது.

பிற்காலத்தில் இது இலக்கணமே ஆயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அவன் பறை கொட்டுவான், தேர் உருட்டுவான், அதற்கு முன்னால் பெண்களின் சிற்றிலைச் சிதைப்பான். பெண்கள் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சல் கேட்கக் கேட்க இனிக்கும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அந்த இடத்தில் பொதுவாக இருப்பவை அம்மானை, நீராடல், ஊசல். ஒருவன் உடைப்பது அவன் வளர்ச்சியின் ஒரு பருவம். அவள் கட்டியது அவளுக்கு ஒரு பருவமாகக் கணக்கில் வரவில்லை.

எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் வழியாக வடக்கே போனால் திருவில்லிபுத்தூர். அந்த ஊர்க்காரி நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கச் சிற்றிலுக்காகக் கண்ணனிடம் வாதாடுகிறாள். பக்தி என்றும் ஊடல் என்றும் உரைகள் சொல்லும். நான் இந்த முறை வேலைக்காரியின் கண்ணோடு படித்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு வலிக்கக் கட்டியதைப் பற்றிச் சொல்கிறாள். வெள்ளை மணலைச் சலித்துத் தெருவில் விசித்திரமாகச் செய்ததைச் சொல்கிறாள். கருவிகளையும் சொல்கிறாள்: சின்னப் பானை, சின்னச் சுளகு, மணல். எங்கள் பக்கம் இன்றும் முறம் என்று யாரும் சொல்வதில்லை, சுளகுதான். பானைத் தலையும் மடியில் பொத்தல் சுளகுமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் கிழவியை ஆண்டாள் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பாள்.

கெஞ்சாத ஒரு பெண்ணும் இருக்கிறாள். ஐங்குறுநூற்று நெய்தலில், அம்மூவனார் பாட்டில். அவள் செய்த வண்டற்பாவையைக் கடல் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அவள் கோபத்தில் கைகளால் மணலை அள்ளி அள்ளி எறிந்து கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். மூன்றே வரி. அறியாமை என்று உரை சொல்லும், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தன் கையால் செய்ததை இழந்தவளின் கோபம் கடல் அளவுக்கு இருந்தது என்று அந்த இரவில் படித்தேன்.

*

கார்த்திகையில் ஒரு கருத்தரங்குக்காகச் சண்டிகர் போயிருந்தேன். கட்டுரை வாசித்து முடித்த பிற்பகல் கற்பூங்காவுக்குப் போனேன். நேக் சந்த் செய்தது. பிரிவினையில் இன்றைய பாகிஸ்தானிலிருக்கும் தன் கிராமத்தை விட்டு வந்தவர், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புதிய நகரத்தைக் கட்ட இடித்துத் தள்ளிய ஊர்களின் இடிபாடுகளைச் சைக்கிளில் சேகரித்து, 1950களின் இறுதியிலிருந்து அரசின் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் தனியாகச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். 1975இல்தான் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்காமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் இறந்தார்.

குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள். உடைந்த பீங்கான் சுவர்கள், சைக்கிள் உதிரிகளை எலும்பாகக் கொண்ட உருவங்கள், வரிசை வரிசையாகக் குரங்குகள், குடம் சுமக்கும் பெண்கள். ஒரு மேட்டில் நின்ற பெண் பொம்மைகளின் பாவாடையெல்லாம் மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வளையல். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைச் சிமென்ட்டில் நெருக்கி நெருக்கிப் பதித்திருந்தார்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆவணிக்குப் பிறகு நாங்கள் சாப்பாட்டையும் மாத்திரையையும் தவிர வேறு பேசவில்லை.

"எம்மா, மயில் தோகையில கட்டியிருந்தியே, அந்தக் கண்ணாடி ஏது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்பா காரியத்தன்னைக்கு உடைச்சாங்கல்லா. மறுநா பெருக்கும்போது கெடந்துது. எல்லாம் நல்ல பச்ச. சங்கரன்கோவில் தவசுக்கு அப்பா வாங்கித் தந்தது. குப்பையில போட மனசு வரல."

அந்தத் துண்டுகளைத்தான் நாங்கள் மிதித்துக்கொண்டு பந்தல் போட்டோம். அந்த மண்ணின்மேல்தான் ஒரு சிறுமிக்குப் புது வளையல் அடுக்கிச் சடங்கு செய்தோம்.

நேக் சந்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திரும்பி வரும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். பதினெட்டு வருடம் வேலை முடிந்த பின் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், இருட்டியும் திரும்பாமல் இருக்க எந்தப் பெண்ணால் முடியும்? எங்கே போனாய் என்று கேட்காத வீடு எது? அந்த வருடங்களில் அவர் வீட்டு அடுப்பில் உலை வைத்தவர் யார்? அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் செய்ததை ஒரு நகரம் சேர்ந்து காப்பாற்றியது. அம்மா செய்தது சொந்த வீட்டு மனையில். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. உயில் எழுதாமல் போனவரின் சொத்தில் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்த மனையில் மூன்றில் ஒரு பாகம் அம்மாவுடையது, மூன்றில் ஒரு பாகம் என்னுடையது. தம்பி என்னிடம் கேட்டான், நான் சரி என்றேன். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது என்பது எனக்கு நினைவில்லை, அவனுக்கும் இல்லை.

பெண்கள் இப்படிச் செய்து நிலைத்ததே இல்லையா என்று தேடியபோது கலிபோர்னியாவின் டிரெஸ்ஸா பிரிஸ்பிரே கிடைத்தார். சிமி வேலியில் சிறிய நிலம் ஒன்றை வாங்கி, 1956இல், அறுபது வயதில், தினமும் குப்பைமேட்டுக்குப் போய்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து அவற்றாலேயே வீடுகள் கட்டினார். தொடங்கியது தான் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பென்சில்களை வைக்க ஓர் இடம் வேண்டுமென்று. பார்க்க வந்தவர்களுக்குத் தானே சுற்றிக் காட்டினார். 1994 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சேதமாயிற்று. பதினைந்து வயதில் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்டு ஏழு பிள்ளை பெற்றவர் அவர். அறுபது வயதில்தான் விளையாட இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் நிலம் அவர் கையில் இருந்ததால்.

*

மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களைத் தயார் செய்தேன். வீட்டில் போய் அதையெல்லாம் விட்டுவிட்டு ஆண்டாளையும் நேக் சந்தையும் பற்றிப் பேசத் தொடங்கினேன். மறுபடி செய், நான் போட்டோ எடுத்து எழுதுகிறேன் என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எழுதணும்னா நீ செய். எனக்கு என்னத்துக்கு?"

பிறகு சுளகைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"அது என்ன கோயிலா, காலாகாலத்துக்கும் நிக்க? எப்படியும் ஒரு நாளு நானே கலைச்சிருப்பேன். பிள்ளைக்கு விசேஷம், இடம் வேணும்னா வேண்டாம்னா சொல்லப் போறேன்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

கடைசி வரிசைப் பெண் கேட்டதும் இதையேதான்.

நான் அதுவரை மயில் போய்விட்டதே என்றுதான் வருந்திக்கொண்டிருந்தேன். அம்மாவின் வருத்தம் வேறு. ஆண்டாளும் தன் மணல் வீடு என்றென்றைக்கும் நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. மணல் நிற்காது என்பது கட்டியவளுக்குத் தெரியும். வாசலில் இட்ட கோலம் மத்தியானத்துக்குள் அழியும் என்று தெரிந்துதான் விடியுமுன் எழுந்து இடுகிறோம். அழிவது வேறு, ஒருவர் வந்து அழிப்பது வேறு. கலைக்கும் உரிமையும் கட்டியவளுடையது.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. "தப்புதாம்மா. நான்தான் ரிம்மைப் பிடிச்சுக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். பாத்துட்டுதானே வந்தேன்" என்றாள்.

அந்த மார்கழியில் தம்பி மகள் ஒன்று கேட்டாள். சடங்கு முடிந்ததிலிருந்து அவளை ஓடைப்பக்கம் விடுவதில்லை. பாடப்புத்தகத்திலோ போனிலோ எங்கேயோ சிறுவீட்டுப் பொங்கல் பற்றிப் பார்த்திருக்கிறாள். "ஆச்சி, நம்ம வீட்ல ஏன் கட்டல?"

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி முழுக்க வாசற்கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப் பூவைச் செருகுவோம். வாடிய பூவைச் சாணத்தோடு சின்ன வரட்டியாகத் தட்டிக் காயவைப்போம். தையில் முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அறை தடுத்து, வாசல் விட்டு, பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு வீடு. அதற்குள் அவர்கள் பொங்கல் வைப்பார்கள். பிறகு குலவை போட்டுக்கொண்டு பூ வரட்டிகளைக் கொண்டுபோய் ஆற்றில் விடுவோம். சங்கப் பாட்டில் வரும் சிற்றில் எங்கோ முடிந்துபோனது என்று வகுப்பில் சொல்லி வந்தவள் நான். அதே பெயரோடு என் வீட்டு முற்றத்தில் என் கையாலேயே கட்டியிருக்கிறேன். முற்றத்துக்குச் சிமென்ட் போட்டபோது அது நின்றுபோனது. நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

முற்றத்தில் மண் இல்லை. அதனால் தொழுவுக்குப் பின்னால், பந்தல் போட்ட அதே இடத்தில் கட்டினோம். ஓடைக்கரைக் களிமண்ணை நானும் பிள்ளையும் வெட்டிச் சுமந்தோம். முதல் சுவர் விழுந்தது. நான் குழைத்த மண்ணில் தண்ணீர் அதிகம். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுவரும் சாய்ந்ததும் எழுந்து வந்தாள். வைக்கோலை நறுக்கிச் சேர்க்கச் சொன்னாள். ஒரு நாளில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, கீழே இறுகட்டும் என்றாள். சுவருக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தோம். தம்பி வந்து எட்டிப் பார்த்தான். அடுப்புக்கு மூன்று கல்லை அவனே தேடி எடுத்து வந்தான். அவனிடமும் அம்மா எதுவும் சொல்லிக்காட்டவில்லை.

மண் வெட்டும்போது கண்ணாடித் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளை ஒவ்வொன்றாகக் கழுவி, வாசல் நிலையைச் சுற்றிப் பதித்தாள். இது ஏது என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள், எனக்குப் போனில் சொன்னதைவிட நீளமாக. யார் உடைத்தார்கள், எப்படிப் பிடித்துக்கொண்டார்கள், கையில் எங்கே கீறியது என்றெல்லாம். பதின்மூன்று வயதுப் பெண் கேட்க வேண்டிய கதையா என்று தம்பி மனைவி தயங்கினாள். பிள்ளை கேட்டுவிட்டு, "எனக்கெல்லாம் யாரும் உடைக்க முடியாது" என்றாள். பிறகு, "ஆச்சி, கூரை மேல ஒரு காக்கா வைக்கலாமா?" என்றாள்.

அம்மா டயர்த் துண்டு தேடப் போனாள்.

பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். நிட்சேப நதியில் தண்ணீர் இல்லாததால் பூ வரட்டிகளை ஓடைக் குட்டையில் விட்டோம். குலவை எனக்குச் சரியாக வரவில்லை, பிள்ளைக்கு வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து நான் கிளம்ப வேண்டிய அன்று காலை, அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"கலைச்சுரலாமா, இல்ல இருக்கட்டுமா?"

பிள்ளை யோசித்தாள். காக்கை இருக்கட்டும், வீட்டைக் கலைக்கலாம் என்றாள். நாங்கள் மூன்று பேரும் கையால்தான் தள்ளினோம். கண்ணாடித் துண்டுகளை மட்டும் அவள் தனியாகப் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினாள். பனைநாரை எத்தனை நேரம் ஊறப் போட வேண்டும் என்று அவள் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.